பச்சைத் தோலும் பச்சைச் சான்றிதழும்

உரித்ததும் உப்புத் தடவி மண்டிக்கு வருகிற தோலுக்குப் பச்சைத் தோல் என்று பேர். அந்தப் பச்சையில் ரத்தம் இருக்கும், உப்பு இருக்கும், நாத்தம் இருக்கும். அதைத் தொடுவதற்கு இந்த நாட்டில் ஒரு சில சாதிகளைத்தான் பழக்கி வைத்திருக்கிறார்கள். இப்போது தோல் வியாபாரத்தில் இன்னொரு பச்சை வந்திருக்கிறது. சான்றிதழ்ப் பச்சை. இதைத் தொடுவதற்குப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் வரிசையில் நிற்கிறார்கள். தோல் வாங்குகிற கம்பெனி, ஷூ விற்கிற பிராண்டு, அறிக்கை எழுதித் தருகிற ஆலோசகர், மாநாடு நடத்துகிறவர் எல்லோருக்கும் இந்தப் பச்சை வேண்டும். இதற்கு 'நிலைத்த கொள்முதல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சொல்லைத் தலித் பார்வையில் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எது நிலைக்கப் போகிறது? யாரிடமிருந்து கொள்முதல்?

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டுள்ள முதல் 1000 கம்பெனிகள் 2022-23 நிதியாண்டிலிருந்து செபி வகுத்த ஒரு பொறுப்பு அறிக்கையைக் கட்டாயம் வெளியிட வேண்டும். அதில் ஒரு கேள்வி: நீங்கள் வாங்கும் பொருட்களை நிலைத்த முறையில் கொள்முதல் செய்ய வழிமுறை வைத்திருக்கிறீர்களா, ஆம் என்றால் எத்தனை சதவீதம்? இது கட்டாயக் கேள்வி. அதே அறிக்கையில் பின்னால் ஒரு மூலையில் இன்னொரு கேள்வி இருக்கிறது: விளிம்புநிலைப் பிரிவினரிடம் முன்னுரிமை கொடுத்து வாங்குகிற கொள்கை உங்களிடம் உண்டா, எந்தப் பிரிவினர், மொத்தக் கொள்முதலில் எத்தனை சதவீதம்? இது கட்டாயமில்லை. இஷ்டப்பட்டால் சொல்லலாம், இல்லாவிட்டால் தாண்டிப் போகலாம். கம்பெனி தன் கூரைக்குக் கீழே வேலை செய்கிறவர்களைப் பற்றிப் பதில் சொல்லியாக வேண்டிய கேள்விகள் நிறைய உண்டு. கூரைக்கு வெளியே, வாங்குகிற பொருளுக்குப் பின்னால் நிற்கிறவன் யார் என்று கேட்கிற இடத்தில் மட்டும் பேனா தளர்ந்துவிடுகிறது.

அரசாங்கம் மட்டும் என்ன? 2012-ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் ஆணைப்படி மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தலித், பழங்குடியினர் நடத்தும் சிறுதொழில்களிடமிருந்து 4 சதவீதம் வாங்க வேண்டும். ஆண்டுக்காண்டு அந்த நாலைத் தொடாமலே கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். தனியாருக்கு அந்த நாலும் கிடையாது. இதுதான் கொள்முதல் என்கிற மையத்தின் லட்சணம்.

2

நான் பாலாற்றங்கரைக்காரன். எங்கப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். முழங்கால் வரைக்கும் சுண்ணாம்பும் சல்ஃபைடும் கலந்த தண்ணியில் நின்னு தோலை இழுத்துப் போட வேண்டும். அவர் சோறு பிசையும்போது விரல் எரியும். ஸ்பூனில் சாப்பிட்ட ஒரே கூலிக்காரர் எங்க தெருவில் அவர்தான். அதை வெள்ளைக்காரப் பழக்கம் என்று கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

அந்தக் காலத்துத் தோல் ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிடப்பட்டது. நாத்தம் அப்போதும் உண்டு. ஆனால் கிணறு சாகவில்லை. 1970-களில் பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யக்கூடாது, முடித்த தோலாகவும் ஷூவாகவும்தான் அனுப்ப வேண்டும் என்று அரசாங்கம் நெருக்கியது. டாலர் கூட வரும் என்பது கணக்கு. டாலர் வந்தது. கூடவே குரோமியமும் வந்தது. டிரம்மில் போடுகிற குரோமியத்தை முழுவதும் தோல் குடிப்பதில்லை. பழைய முறையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தண்ணியோடு வெளியே போய்விடும். தோலில் இருந்த உப்பும் அப்படியே போகும். எங்கே போகும்? பள்ளத்துக்குப் போகும். பள்ளத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா?

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்கிற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது. ஐந்து மாவட்டங்களில் சுமார் 900 தோல் தொழிற்சாலைகள், ஒரு கிலோ தோலுக்குக் கிட்டத்தட்ட 35 லிட்டர் தண்ணீர், பகுதியாகவோ முழுதாகவோ விளைச்சலுக்கு உதவாமல் போன நிலம் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் என்று கணக்கெல்லாம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அன்றைக்கு எங்கள் மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 1927-இல் மகாத்தில் ஒரு குளத்துத் தண்ணியை ஒரு கை அள்ளிக் குடிப்பதற்காக ஆயிரக்கணக்கான மக்களைத் திரட்டிக்கொண்டு போனவர் பெயரை வைத்த மாவட்டத்தில், எந்தச் சாதிக்காரனும் வாய் வைக்க முடியாத தண்ணியை ஓட விட்டார்கள். பிறகு அந்தப் பெயரையும் எடுத்துவிட்டார்கள். தண்ணி அப்படியேதான் இருந்தது.

நட்ட ஈடு நிர்ணயிக்க ஒரு ஆணையம் போட்டார்கள். 2001-இல் அது 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்ச ரூபாய் என்று கணக்குச் சொன்னது. வகுத்துப் பாருங்கள், தலைக்குச் சராசரி 9,200 ரூபாய்கூடத் தேறாது. அதையும் எல்லோருக்கும் கொடுத்து முடிக்கவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் உட்கார்ந்து, பாக்கியை ஆறு வாரத்தில் கொடு, சேதம் சரியாகும்வரை மாசுபடுத்தியவனுடைய பொறுப்பு தீராது என்று சொல்ல வேண்டியிருந்தது. இடையில் 28 வருசம் ஓடிவிட்டது. நிலத்தின் இழப்பை ஹெக்டேரில் அளந்தார்கள், சரி. அந்த நிலத்தில் நாத்து நட்டுக் கூலி வாங்கியவளுடைய இழப்பை எதில் அளப்பது? நிலமே இல்லாதவளுக்கு நிலம் பாழானதில் நட்டமில்லை என்பதுதானே அளவுகோலுக்குள் உட்கார்ந்திருக்கிற நியாயம்?

3

வாங்குகிறவன் கேட்டால் மாறுமா என்று தோழர்கள் கேட்கிறார்கள். மாறும். மாறியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரையே.

தோல் பூசணம் பிடிக்காமல் இருக்கப் பென்டாகுளோரோஃபீனால் என்று ஒரு மருந்து போடுவார்கள். 1989-இல் ஜெர்மனி அதைத் தடை செய்தது. மிக நுண்ணிய அளவுக்கு மேல் இருந்தால் சரக்கைத் திருப்பி அனுப்புவோம் என்றது. பிறகு 1994-இல் சில அசோ சாயங்களுக்கும் தடை வந்தது. என்ன நடந்தது? இங்கே ஷாப்புக்கு ஷாப்பு ரசாயனத்தை மாற்றினார்கள். சோதனைக்கூடம் வந்தது. கோர்ட்டும் இல்லை, கமிட்டியும் இல்லை. சில வருசத்துக்குள் எல்லாம் நடந்தது. ஒரு ஜெர்மன்காரனின் கால் தோலில் அரிப்பு வரக்கூடாது என்பதற்காக ஒரு தொழிலே தன் செய்முறையை மாற்றிக்கொண்டது.

இதே ஊரில், இதே காலத்தில், எங்கள் கிணற்றுக்காகப் போட்ட வழக்கு தீர்ப்பாக 1996 ஆனது. காசு வாங்கிக் கொடுக்க 2025 ஆனது. அவன் காலுக்கும் எங்க கிணத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம் இதுதான். எனவே கொள்முதலுக்குச் சக்தியில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். சக்தி இருக்கிறது. அது யாருடைய உடம்பைப் பாதுகாக்க வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி.

4

நான் ஆறு வருசம் ஒரு ஷூ கம்பெனியில் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. ஒவ்வொரு சீசனும் வெளிநாட்டு வாங்குபவரிடமிருந்து எங்களுக்கு இரண்டு கடிதம் வரும். ஒரு கடிதம் நிலைத்த வளர்ச்சிப் பிரிவிலிருந்து. தண்ணீர் எத்தனை லிட்டர், மின்சாரம் எத்தனை யூனிட், எந்தெந்த ரசாயனம், தோல் வாங்குகிற இடத்துக்குச் சான்றிதழ் உண்டா என்று பக்கம் பக்கமாகக் கேட்டிருக்கும். இன்னொரு கடிதம் வணிகப் பிரிவிலிருந்து. இந்த சீசனுக்கு விலை இவ்வளவு குறைய வேண்டும், சரக்கு இத்தனை நாள் முன்னாடியே கப்பல் ஏற வேண்டும் என்று நாலு வரி. இரண்டுக்கும் லெட்டர்ஹெட் ஒன்றுதான். முதல் கடிதத்துக்குப் பதில் எழுத கம்பெனி தனியாக ஆள் போட்டது. இரண்டாவது கடிதத்துக்கான பதிலை எங்க தெரு கொடுத்தது.

எப்படி என்று சொல்கிறேன். விலை குறைந்தால் சான்றிதழ் வாங்கிய பெரிய டேனரி நனைக்கிற வேலை, முடி நீக்குகிற வேலை, சுண்ணாம்பு வேலை எல்லாவற்றையும் சின்ன ஷாப்புக்குத் தள்ளிவிடும். டிரம்மை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவன் அங்கே இருப்பான். அவன் ஒரு மேஸ்திரியைப் பிடிப்பான். மேஸ்திரி காலனியில் ஆள் பிடிப்பான். பெரிய டேனரியில் நீல நிறத் தோல் வந்து இறங்கும்போது அழுக்கெல்லாம் ஏற்கெனவே வேறு இடத்தில் கொட்டியாகிவிட்டது. அங்கே மீட்டர் வைத்து அளந்தால் தண்ணீர்ச் செலவு குறைந்திருக்கும். சான்றிதழ் கொடுக்கிறவர்களுக்கு இது தெரியாமலில்லை. எந்தக் கட்டத்திலிருந்து தோலை எடுக்கிறாய் என்று கேட்டு அதற்கேற்ற அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த வாடகை டிரம் எந்த அளவுகோலுக்கும் சிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஷூவின் மேல்பாகம் தைக்கிற வேலையும் இப்படித்தான். ஆம்பூர்ப் பக்கம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் கூலி வாங்கித் தைக்கிற பெண்கள் எந்தச் சம்பளப் பட்டியலிலும் கிடையாது.

ஆடிட் நாளைப் பற்றி எங்க பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி சொல்வாள்: "வெள்ளைக்காரன் வரான்னா கைக்கு உறை வரும். உறையை எண்ணி வாங்கிட்டாங்கன்னா வெள்ளைக்காரன் போயிட்டான்னு அர்த்தம்." இதைவிடச் சுருக்கமாக ஒரு ஆடிட் அறிக்கையை நான் படித்ததில்லை.

அந்த ஆறு வருசத்தில் என் கையில் வந்த எல்லாப் படிவத்திலும் பாகுபாடு பற்றி ஒரு கட்டம் இருந்தது. இனம், நிறம், சாதி, மதம், பால் என்று வரிசையாக அடுக்கி, பாகுபாடு உண்டா இல்லையா என்று கேட்கும். 'இல்லை' என்று டிக் போடுவார்கள். முடிந்தது சாதி ஒழிப்பு. எந்தத் தொட்டியில் எந்தச் சாதிக்காரன் இறங்குகிறான், சூப்பர்வைசர் நாற்காலியில் எந்தச் சாதிக்காரன் உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்கிற கட்டம் ஒரு படிவத்திலும் நான் பார்க்கவில்லை.

5

தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். நம்ம பிள்ளைகளில் பலருக்கே இது தெரியாது. முடி நீக்க சோடியம் சல்ஃபைடு போடுகிறார்கள். அந்தத் தண்ணியும், பிறகு குரோமியம் ஏற்றுவதற்கு முன்னால் போடுகிற அமிலத் தண்ணியும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். முதலில் அழுகின முட்டை நாத்தம் வரும். வாயு கூடினால் நாத்தமே தெரியாது. மூக்கு மரத்துவிடும். நாத்தம் போச்சு, இறங்கலாம் என்று நினைக்கிறபோதுதான் சாவு காத்திருக்கிறது. உள்ளே விழுந்தவனைத் தூக்க அண்ணன் இறங்குவான், அவனைத் தூக்கப் பங்காளி இறங்குவான். ஒரு தொட்டியில் இரண்டு மூன்று பேராகச் சாவது இப்படித்தான். எல்லாம் ஒரே தெருக்காரர்கள். ஏனென்றால் கூப்பிட்டது ஒரே தெருவில்.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கிற சட்டம் 2013-இல் வந்தது. சாக்கடையில் செத்தால் 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக ஆக்கியது. தொகை ஏறியது. இறங்குகிற ஆள் மாறவில்லை.

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் நள்ளிரவில் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுத்திகரிப்பு நிலையம் என்பதுதான் பசுமை அறிக்கையில் முதல் படமாக வருகிற இடம். ஆற்றைக் காப்பாற்றக் கட்டின தொட்டி ஆளைக் கொன்றது. கழிவை ஆற்றில் விடாதே என்றால் தொட்டியில் சேரும். தொட்டியில் சேர்ந்தால் யாராவது அள்ள வேண்டும், பக்கத்தில் யாராவது படுத்துத் தூங்க வேண்டும். ஆற்றிலிருந்து எடுத்த அபாயத்தை எந்த உடம்பின் மேல் இறக்கி வைத்தாய் என்று கேட்காத பசுமை, பாதிக் கணக்கோடு நின்றுவிட்ட பசுமை.

அதே ராணிப்பேட்டையில் 1995-இல் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன குரோமியக் கழிவு 2 லட்சம் டன்னுக்கு மேல். தோல் ஷாப்புகளுக்கு வேண்டிய குரோமிய உப்பைத் தயாரித்த இடம் அது. அதிலிருந்து போன சரக்கில் பதனிட்ட தோலை வாங்கின கம்பெனிகளின் பழைய கணக்குப் புத்தகத்தில் இந்தக் குவியல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

6

இதையெல்லாம் பேசினால் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழும்.

ஒரு பக்கம் முதலாளி. சுற்றுச்சூழல் சுற்றுச்சூழல் என்றால் ஷாப்பு மூடும், மூடினால் உங்க ஆளுங்கதான் பட்டினி கிடப்பாங்க என்கிறார். நாங்கள் விஷம் குடிப்பதா பட்டினி கிடப்பதா என்று தேர்ந்தெடுக்க வேண்டுமாம். இந்தக் கேள்வியை எங்களுக்கு வைத்தவரிடம் நாங்கள் திருப்பி ஒரு கேள்வி வைக்கிறோம்: சுத்திகரிப்புச் செலவையும் கூலியையும் சேர்த்து விலை கேட்டு வாங்குபவரிடம் ஒரு தரமாவது பேசினீர்களா? எல்லா முதலாளிகளும் ஒன்றாக நின்று பேசினீர்களா? வாங்குபவரிடம் வளைகிற முதுகு எங்களிடம் மட்டும் நிமிர்வது எப்படி?

இன்னொரு பக்கம் பசுமை அறிவுஜீவி. தோலே வேண்டாம், தாவரத் தோலுக்கு மாறலாம் என்கிறார். அந்தத் தாவரத் தோலில் பெரும்பாலானவற்றைத் தொட்டுப் பார்த்தால் பிளாஸ்டிக். பரவாயில்லை, அவர் காலுக்கு அவர் விரும்பினதைப் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் தோல் என்றதும் அவர் முகம் சுளிக்கிறதே, அந்தச் சுளிப்பு எனக்குப் பழக்கமானது. இங்கிலீஷில் மாசுக்கும் தீட்டுக்கும் ஒரே சொல்தான்: பொல்யூஷன். இந்த நாட்டில் சுற்றுச்சூழல் பேசுகிற பலருக்கு எந்த அர்த்தத்தில் பேசுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. தோலுக்கு மாற்று தேடுகிறவர்கள், தோல் தொழிலில் இருக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு மாற்று வேலை தேடியதை நான் பார்த்ததில்லை.

இதோடு தடமறிதல் என்று ஒன்று வந்திருக்கிறது. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்புச் சட்டம் மாடு எந்த நிலத்தில் வளர்ந்தது என்று கேட்டது. நல்ல கேள்வி. ஆனால் இந்தியாவில் தோல் பண்ணையில் ஆரம்பிப்பதில்லை. செத்த மாட்டை இழுத்துக்கொண்டு போய் உரிக்கிறவனின் கத்தியில் ஆரம்பிக்கிறது. 2002-இல் அரியானாவின் ஜஜ்ஜரில் ஐந்து தலித்துகளை அடித்தே கொன்றார்கள். 2016-இல் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டை உரித்தவர்களைக் காரில் கட்டி வைத்து அடித்தார்கள். மாட்டின் பிறந்த ஊரைக் கேட்கிற படிவத்தில், உரித்தவன் உயிரோடு வீடு திரும்பினானா என்று கேட்க ஒரு வரி இல்லை. அதே ஐரோப்பா 2024-இல் கம்பெனிகள் தங்கள் வாங்கும் சங்கிலியில் நடக்கும் மனித உரிமை மீறலுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று சட்டம் போட்டது. 2025-லேயே அதை நீர்க்கடிக்க இறங்கிவிட்டது. மாட்டுக்கு முகவரி கேட்கிறவர்கள் மனிதனுக்குப் பொறுப்பென்றால் மட்டும் சுமை என்கிறார்கள்.

7

நம்ம தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இதெல்லாம் முதலாளித்துவ நாடகம், நமக்கென்ன என்று ஒதுங்குவது சுலபம். ஒதுங்கினால் அந்தப் படிவத்தை நமக்குப் பதிலாக வேறு யாரோ எழுதுவார்கள். இதுவரைக்கும் அப்படித்தான் எழுதினார்கள். மேடையில் கேட்க வேண்டியதை மேடையில் கேட்போம். கொள்முதல் உத்தரவில் கேட்க வேண்டியதை அங்கே கேட்போம்.

ஒன்று. சுத்திகரிப்புச் செலவும் தொழிலாளியின் கூலியும் கொள்முதல் உத்தரவில் தனித் தனி வரியாக வர வேண்டும். பேரத்தில் அந்த இரண்டு வரியைத் தொடக்கூடாது. விலையைக் குறைத்துக்கொண்டே தண்ணீரைச் சுத்தமாக வை என்கிற கடிதம் இனிச் செல்லாது.

இரண்டு. எந்தத் தொட்டியிலும் மனிதன் இறங்கக்கூடாது. இறங்கிச் செத்தால் டேனரிக்காரனோடு சேர்ந்து, அந்தத் தோலை வாங்கின கம்பெனியும் நட்ட ஈடு கொடுக்க வேண்டும். ஆர்டரை ரத்து செய்துவிட்டு வேறு ஊருக்கு ஓடுவது தண்டனை ஆகாது. அது தப்பித்தல். ரத்து செய்தால் தொழிலாளியின் சம்பள பாக்கியைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

மூன்று. ஆடிட் வருகிறவர்கள் சொல்லாமல் வர வேண்டும். வாடகை டிரம்முக்கும், தைக்கிற திண்ணைக்கும், காலனிக் கிணத்துக்கும் வர வேண்டும். தொழிற்சங்கத்தைக் கூட வைத்துக்கொண்டு பேச வேண்டும். அறிக்கையைத் தமிழில் எங்கள் தெருவில் ஒட்ட வேண்டும்.

நான்கு. சாதிக் கணக்கு வேண்டும். எந்த வேலையில் எந்தச் சாதி என்று பெயர் போடாமல், எண்ணிக்கையாக. செபி அறிக்கையில் விளிம்புநிலையினரிடம் வாங்குவது பற்றிய கேள்வி இஷ்டக் கேள்வியாக இருப்பது போய்க் கட்டாயக் கேள்வியாக வேண்டும்.

ஐந்து. பழைய பாக்கி. அரை நூற்றாண்டாக இந்தத் தோலை மலிவாக வாங்கினவர்கள் பாலாற்றுக் கணக்கில் பங்கு போட வேண்டும். மாசுபடுத்தியவனே கட்ட வேண்டும் என்றால், மாசுபடுத்தினால்தான் கட்டுப்படியாகும் என்கிற விலைக்கு வாங்கியவனும் மாசுபடுத்தியவன்தான்.

மாணவத் தோழர்கள் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அந்த 1000 கம்பெனிகளின் அறிக்கையும் பொதுவில் கிடைக்கிறது, காசு கிடையாது. தோல் வாங்குகிற, ஷூ விற்கிற கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிலைத்த கொள்முதல் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறான் பாருங்கள். விளிம்புநிலைக் கேள்விக்கு என்ன எழுதியிருக்கிறான், அல்லது எழுதாமல் விட்டிருக்கிறான் பாருங்கள். இரண்டையும் வெட்டி ஒரே தாளில் ஒட்டி ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையில் ஷிப்டு விடுகிற நேரத்தில் கேட் வாசலில் நின்று கொடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அந்தத் தொழிலாளிகளுக்கு இதுவரை ஒருவரும் படித்துக் காட்டியதில்லை.